மின்தடையை அறிய: ஓம் அளவீடா, வோல்ட்–ஆம்பியர் கணக்கீடா?

ஒரு மின்கருவியின் தடையை மல்டிமீட்டரின் ஓம் நிலையில் நேரடியாக அளக்கலாம். அல்லது கருவி இயங்கும்போது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து, முன்னதைப் பின்னதால் வகுத்தும் பெறலாம். சாதாரண கார்பன் மின்தடையத்துக்கு இரு வழிகளும் ஏறக்குறைய ஒரே விடையைத் தருவதால், இணைப்பைத் துண்டித்துவிட்டு நேரடியாக அளப்பதே எளிது.

டங்ஸ்டன் இழை விளக்கில்தான் வேறுபாடு வெளிப்படுகிறது. 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் பாயும் விளக்கின் தடை 6 ஓம், திறன் 24 வாட். அதே விளக்கை அணைத்து ஆறவிட்டு அளந்தால் மீட்டர் அரை ஓம் அளவே காட்டக்கூடும். ஏனெனில் குளிர்ந்த இழையின் தடை, ஒளிரும் இழையின் தடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். அந்த அரை ஓமைக் கொண்டு, மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்துத் திறனைக் கணக்கிட்டால், 288 வாட் என்ற பொருந்தாத விடை வரும். எனினும் குளிர்தடை பயனற்றதன்று: சுவிட்சைப் போடும் கணத்தில் பாயும் பெரும் மின்னோட்டத்தை மதிப்பிட அதுவே உதவுகிறது, ஃபியூஸைத் தேர்ந்தெடுப்போர் இதை மறக்கலாகாது.

திறன்தான் தேவையெனில், தடையை இடையில் கொண்டுவராமல் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் நேரடியாகப் பெருக்குவதையே நான் பரிந்துரைப்பேன். மாறுமின்னோட்டத்தில் இயங்கும் மோட்டார் போன்றவற்றுக்கு மட்டும் அந்தப் பெருக்குத்தொகையைத் திறன் காரணியாலும் (அதில் உண்மையான திறனாக அமையும் பங்கு) பெருக்க வேண்டும். அங்கே வகுத்துக் கிடைப்பதும் தடையன்று, மின்மறுப்பு (impedance), அதாவது மாறுமின்னோட்டத்துக்குக் கருவி காட்டும் மொத்த எதிர்ப்பு.