இரண்டு கிரவுண்டு காலி மனை: பில்டருக்குக் கொடுப்பதா, நாமே கட்டுவதா, விற்றுவிடுவதா?

பழைய வீட்டை இடித்தாகிவிட்டது, அடுத்து என்ன என்பதில் குடும்பத்துக்குள் ஒத்துப்போகவில்லை. இப்படி வருடக்கணக்கில் சும்மா கிடக்கும் மனைகள் சென்னையில் ஏராளம். நங்கநல்லூர், வில்லிவாக்கம், கொளத்தூர், அம்பத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் கண்ணில் படும். உள்ளே புதரும் அக்கம்பக்கத்துக் குப்பையும் சேர்ந்திருக்கும். சொந்தக்காரர் காலிமனை வரி கட்டிக்கொண்டிருப்பார். அவர் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பில்டர் எத்தனை பர்சென்ட் தருவார்?" என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டியது. சாலை எத்தனை அடி, மனையில் எத்தனை பேருக்குப் பங்கு, நிலம் இன்று என்ன விலை போகிறது, இந்த மூன்றும் தெரிந்த பிறகு பர்சென்ட் பேசலாம்.

கணக்குக்காக 60-க்கு 80 மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 4,800 சதுர அடி, அதாவது இரண்டு கிரவுண்டு. முன்னால் 30 அடி சாலை. 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, உயர்மாடிக் கட்டடம் என்ற வகைக்குள் வராத சாதாரணக் குடியிருப்புக்கு எஃப்எஸ்ஐ 2, அதாவது மனைப் பரப்பைப்போல் இரண்டு மடங்கு. ஆக 9,600 சதுர அடி கட்டலாம். தரைமட்டத்தில் தூண்களுக்கிடையே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நான்கு மாடி, மாடிக்கு இரண்டு வீடு, மொத்தம் எட்டு பிளாட் என்பது வழக்கமான திட்டம். சாலை குறுகினால் அனுமதிக்கும் உயரமும் குறையும். இதற்கு மேல் பணம் கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்எஸ்ஐ, சாலை குறைந்தது 9 மீட்டர் (சுமார் 29.5 அடி) இருந்தால்தான் கிடைக்கும். பத்திரத்தில் 30 அடி என்று இருந்தாலும் தெருவில் அளந்தால் 27 அடிதான் வரும் என்பது இங்கே சாதாரணம். அதனால் முதலில் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள்.

சரி, ஜாயின்ட் வென்ச்சர். நீங்கள் நிலம் தருகிறீர்கள், பில்டர் தன் பணத்தில் கட்டி, ஆளுக்குப் பாதி என்கிறார். கையிலிருந்து ஒரு ரூபாய் போகாமல் நான்கு பிளாட் வருகிறதே என்று தோன்றும். ஆனால் கூடவே நிலத்தில் பாதி, 2,400 சதுர அடி, யூடிஎஸ்ஸாக (பிரிக்கப்படாத நிலப் பங்காக) அவர் விற்கும் பிளாட்டுகளுக்குப் போய்விடுகிறது. கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால், உங்கள் நான்கு பிளாட்டுக்கு அவர் போடுவது 1 கோடியே 20 லட்சம். அப்படியென்றால் ஒரு கிரவுண்டை அந்த விலைக்கு அவரிடம் விற்றிருக்கிறீர்கள். உங்கள் பகுதியில் கிரவுண்டு 1.2 கோடிதான் போகிறது என்றால் பாதிக்குப் பாதி நியாயம். 2 கோடி போகிறது என்றால்? எட்டில் ஐந்து பிளாட் உங்களுக்கு வர வேண்டும். ஐந்து பிளாட் கட்ட 1.5 கோடி, நீங்கள் விட்டுக்கொடுக்கும் முக்கால் கிரவுண்டும் 1.5 கோடி. பில்டருக்கு வட்டி, விற்கிற அலைச்சல், அனுமதிச் செலவு எல்லாம் உண்டு என்பதால் இதில் கொஞ்சம் இறங்கி வரலாம். எவ்வளவு இறங்குகிறோம் என்பது தெரிந்து இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

பர்சென்ட்டைவிட எனக்குக் கவலை தருவது, நம் சார்பில் விற்க பில்டருக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கும் பவர் பத்திரம். 500 சதுர மீட்டருக்குள் உள்ள நிலத்தில் எட்டு வீட்டுக்கு மிகாமல் கட்டினால் ரெரா என்னும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு தேவையில்லை. நம் மனை 446 சதுர மீட்டர், வீடு எட்டு. வாங்குபவர்களின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பது போன்ற பதிவுத் திட்டத்தின் கட்டுப்பாடுகள் இங்கே வராது. உங்களுக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு ஒப்பந்தம்தான். அதைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். பவர், பில்டர் பங்குக்கான யூடிஎஸ்ஸுக்கு மட்டும் இருக்கட்டும். முழு மனைக்கும் எழுதிக் கொடுக்கவே கூடாது. அந்தப் பங்கையும் கட்டடம் உயர உயர, கட்டம் கட்டமாக விற்கிற மாதிரி எழுதலாம். மூலப்பத்திரத்தை ஒரிஜினலாகக் கையில் கொடுத்தால், அது கடனுக்கு அடமானமாகப் போக வழி திறக்கிறது. எந்த மாடி, எந்த மூலை, எந்தப் பார்க்கிங் உங்களுடையது என்பது வரைபடத்திலேயே குறிக்கப்பட வேண்டும். தாமதமானால் மாதம் எவ்வளவு இழப்பீடு? மொட்டை மாடி யாருக்கு? இந்த இரண்டையும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்ட குடும்பங்கள்தான் பின்னால் வக்கீல் வீட்டுக்கு அலைகின்றன.

வரி விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. தனிநபராக இருந்து, ஒப்பந்தத்தையும் பதிவு செய்திருந்தால், 2017-ல் வந்த மாற்றத்தின்படி நிலம் கைமாறும் லாபத்துக்கான மூலதன ஆதாய வரி, கட்டடம் முடிந்து நிறைவுச் சான்று வரும் ஆண்டில்தான் வரும். நடுவிலேயே உங்கள் பங்கை விற்றால் அந்தச் சலுகை போய்விடும்.

நாமே எட்டு பிளாட்டையும் கட்டினால் லாபம் முழுக்க நமக்குத்தானே? உண்மைதான். ஆனால் 2 கோடியே 40 லட்சத்தோடு லிப்ட், சம்ப், ஈபி, குடிநீர், கழிவுநீர் இணைப்பு எல்லாம் தனி. மெட்டீரியலோடு கான்ட்ராக்ட் விட்டால் தரத்தில் கண் வைக்க வேண்டும்; லேபர் கான்ட்ராக்ட் என்றால் கம்பியும் சிமென்டும் நாமே வாங்கி, தினமும் சைட்டில் நிற்க வேண்டும். வேளச்சேரி, மடிப்பாக்கம் மாதிரி களிமண் உள்ள இடங்களில் மண் பரிசோதனை பைல் (ஆழத்தில் இறக்கும் அஸ்திவாரத் தூண்) போடச் சொல்லிவிட்டால் 2,500 ரூபாய்க் கணக்கு செல்லாது. அந்தப் பரிசோதனையை மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்த ஊர் இது. வேலையில் இருக்கிற, கட்டுமானம் தெரியாத ஒருவருக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

குடும்பங்கள் அதிகம் யோசிக்காத வழி ஒன்று உண்டு. மனையை 30-க்கு 80 என்று இரண்டாக உட்பிரிவு செய்து அனுமதி வாங்கி, ஒரு கிரவுண்டை விற்று, அந்தப் பணத்தில் மற்றொன்றில் கட்டுவது. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்ட ஆன்லைனிலேயே உடனடியாக அனுமதி கிடைக்கிறது. கிரவுண்டு 2 கோடி என்றால் கட்ட 87.5 லட்சம் போக, வரிக்கு முன் 1 கோடியே 12 லட்சத்துக்கு மேல் கையில் நிற்கும். நிலமும் முழுசாக உங்கள் பேரில் இருக்கும். பிளாட்டில் அப்படி இல்லை. முப்பது வருடம் கழித்து இடித்துக் கட்ட நினைத்தால், 2022-ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும். எட்டு வீட்டில் ஆறு பேர். வாரிசு ஒருவரோ இருவரோ என்றால் எனக்கு இதுதான் சிறந்த வழியாகப் படுகிறது. நான்கு பேர் என்றால் இரண்டு தளத்தில் பங்கு பிரியாது; அங்கே ஜாயின்ட் வென்ச்சரே மேல், ஆளுக்கொரு பிளாட் தனிப் பத்திரத்தோடு கிடைக்கும்.

முழுசாக விற்பது யாருக்கு? வாரிசுகள் வெளிநாட்டில் சிதறி, ஊருக்குத் திரும்பும் எண்ணமும் இல்லாதவர்களுக்கு. நீண்டகால ஆதாய வரி 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம் என்றால், இந்தியாவில் வசிப்பவர்கள் வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடும் 20 சதவீதத்தையும் தேர்ந்தெடுக்கலாம். அப்பா எழுபதுகளில் வாங்கியது என்றால், 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை, பத்திரப் பதிவுக்கு அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்புக்கு மிகாமல் அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அதனால் அந்த ஆண்டின் வழிகாட்டி மதிப்பை முதலில் எடுத்துப் பாருங்கள். வாங்குபவர் பாதியை ரொக்கமாகத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பத்திரத்தில் வராத பணத்தை வைத்து அடுத்த வீடு வாங்கும்போது வரிவிலக்கும் கேட்க முடியாது, வங்கியிலும் காட்ட முடியாது.