மருந்து பூசிய ஸ்டென்ட்: பல ஆண்டுப் பயனை வைத்து ஒரு மதிப்பீடு

அடைபட்ட இதயத் தமனியைத் திறந்து வைக்கும் சிறு கம்பிவலைக் குழாயே ஸ்டென்ட். தமனிக்குள் ஒருமுறை பொருத்திய ஸ்டென்ட்டைப் பிடிக்கவில்லை என்று கழற்றி மாற்ற முடியாது; ஆகவே, பொருத்திய அன்று ஆஞ்சியோ படம் எவ்வளவு அழகாகத் தெரிந்தது என்பதைவிட, ஐந்து பத்து ஆண்டுகள் கழித்து அது எப்படி உழைக்கிறது என்று பார்ப்பதே முறை.

அந்த அளவுகோலில் இன்றைய மருந்து பூசிய ஸ்டென்ட் நன்றாகவே தேறுகிறது. 1986-இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட வெறும் உலோக ஸ்டென்ட், பலூனால் விரித்த தமனி மறுபடி சுருங்காமல் தாங்கிப் பிடித்தது என்றாலும், உட்சுவரில் தழும்புத் திசு வளர்ந்து, நூற்றில் இருபது முப்பது பேருக்குச் சில மாதங்களிலேயே மீண்டும் அடைப்பு உண்டானது. அவ்வளர்ச்சியை அடக்கும் சிரோலிமஸ் மருந்து பூசிய சைஃபர் ஸ்டென்ட் 2003-இல் அமெரிக்க அனுமதி பெற்றபோது சிக்கல் தீர்ந்ததாகவே பலரும் நினைத்தனர். ஆனால் தழும்பைத் தடுத்த மருந்தே உட்சுவர் ஆறுவதையும் தாமதப்படுத்தியதால், ஓராண்டு கடந்த பின்னும் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையக்கூடும் என்ற அச்சம் 2006-இல் பெரும் விவாதமானது. அன்று 140 மைக்ரான் அளவில் தடித்திருந்த கம்பி இன்று 80 மைக்ரானுக்கு அருகில் மெலிந்திருப்பதும், எவரோலிமஸ் போன்ற மருந்துகளும், மேம்பட்ட பூச்சும் சேர்ந்து அந்த ஆபத்தை வெகுவாகக் குறைத்துள்ளன. தானே கரைந்துவிடும் ஸ்டென்ட் என்பது கேட்பதற்கு இனிய யோசனைதான். ஆனால் அவ்வகையில் 2016-இல் அமெரிக்க அனுமதி பெற்ற அப்சார்ப், உலோக ஸ்டென்ட்டைவிடக் கூடுதலாக ரத்த உறைவைக் காட்டி, மறு ஆண்டே விற்பனையிலிருந்து விலகியது.

குறைகளும் உண்டு. எந்த வகையானாலும், முதல் ஆண்டுக்குப் பிறகும் ஆண்டுதோறும் நூற்றில் ஏறத்தாழ இருவருக்கு ஸ்டென்ட் சார்ந்த பாதிப்பு நேர்கிறது. அதைவிட முக்கியமாக, ஸ்டென்ட் ஓர் இடத்து அடைப்பைத்தான் திறக்கிறது. மற்ற இடங்களில் கொழுப்பு படிவதை அது தடுப்பதில்லை.

மாரடைப்பு நேர்ந்துகொண்டிருக்கும்போது வைக்கும் ஸ்டென்ட் உயிரைக் காக்கிறது என்பதில் ஐயமில்லை. நடக்கும்போது மட்டும் வந்து ஓய்வெடுத்தால் தணியும் நிலையான நெஞ்சுவலிக்கு அதே பாராட்டை என்னால் வழங்க இயலாது. 2007-இல் வெளியான கரேஜ் ஆய்விலும், 5,179 பேர் பங்கேற்று 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்விலும், தகுந்த மருந்துகளோடு ஒப்பிட்டபோது ஸ்டென்ட் மரணத்தைக் குறைக்கவில்லை. வலியைக் குறைக்கிறது என்பது மெய். நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்தியிருந்தவர்களிடம் போலிச் சிகிச்சையோடு (ஸ்டென்ட் வைக்காமலே வைத்ததுபோல் செய்வது) ஒப்பிட்டு 2023-இல் ஆர்பிட்டா-2 ஆய்வு அதை உறுதிசெய்தது. நீரிழிவோடு பல தமனிகளில் அடைப்பும் உள்ளவர்களுக்கோ, பக்கவாத ஆபத்து சற்றுக் கூடினாலும், பைபாஸ் அறுவையே நீண்டகாலத்தில் மேலானது என்று 2012-இல் ஃப்ரீடம் ஆய்வு காட்டியது.

ஸ்டென்ட்டின் ஆயுள் பெரிதும் மாத்திரைகளைப் பொறுத்தது. ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமல் தடுக்க, ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் போன்ற இரண்டாவது மாத்திரையை, நிலையான நோய்க்குப் பொதுவாக 6 மாதமும் மாரடைப்புக்குப் பின் 12 மாதமும் உட்கொள்ளச் சொல்வார்கள். ரத்தக்கசிவு ஆபத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். பல் பிடுங்குவதற்காக யாரேனும் அவற்றை நிறுத்தச் சொன்னால், ஸ்டென்ட்டின் வகையும் பொருத்திய தேதியும் குறித்த அட்டையைக் காட்டி, முதலில் இதய மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.