காரைக்குடி ஸ்டேஷன் வாசலில் நின்ற கார்

முழங்கால் ஆபரேஷன் முடிந்த அம்மாவைச் சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸில் கூட்டி வந்தேன். காரைக்குடியில் இறங்கியபோது நல்ல இருட்டு. சொல்லிவைத்த கார் வாசலிலேயே நின்றது. "ஆச்சி, அவசரமில்லை, மெல்ல ஏறுங்க" என்று ஓட்டுநர் தம்பி முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளிக் கொடுத்தார். கானாடுகாத்தான் போய்ச் சேரும்வரை எந்த வேகத்தடையிலும் அம்மா முனகவில்லை. எனக்கு அது போதும்.

வழியில் பேசினோம். சென்னையில் ஒரு வாடகைக் கார் ஆப் கம்பெனியில், ஓட்டுநர்களின் புகார்களைக் கேட்கும் வேலையில் இருந்தவராம். 2020 மே மாதம், ஊரடங்கில் சவாரியே இல்லாமல் ஓலா 1,400 பேரையும், ஊபர் இந்தியாவில் 600 பேரையும் வேலையை விட்டு எடுத்த நேரம். இவருக்கும் அப்போதுதான் வேலை போயிருக்கிறது. ஊருக்கு வந்து பழைய கார் ஒன்று வாங்கினார். இப்போது இரண்டு ஓடுகின்றன.

வாடகையை முதலிலேயே சொல்லிவிடுகிறார், ராத்திரி என்று ஏற்றுவதில்லை. மறுநாள் போன் செய்து, "ஆச்சிக்குக் கால் வலி இருந்துச்சா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் எந்த ஆப்பும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

குறை என்றால், முகூர்த்த நாளில் வண்டி கிடைக்காது. இரண்டாவது காரில் ஏசி சுமார்தான். அடுத்த வாரம் பிள்ளையார்பட்டி போக முதல் காரையே கேட்டிருக்கிறேன்.