பாதியில் நிற்கும் சண்டை கேமுக்கு மூகனா, ஐகெமன் கோவா?

டோஜின்ஷி என்று ரசிகர்கள் தாங்களே வரைந்து வெளியிடும் காமிக்ஸில் அனிமே நாயகர்களைக் கிண்டலடிப்பதைப் பார்த்துவிட்டு, அதையே சண்டை கேமாக்கக் கிளம்பி, ரெண்டு கேரக்டரோடு நின்றுபோனவர்கள் எக்கச்சக்கம். இதற்குப் பலரும் எடுப்பது எலெக்பைட் குழுவின் மூகன். சண்டை கேம் செய்வதற்கான இன்ஜின், அதாவது கேமை இயக்கும் மென்பொருள், 1999இல் வந்தது. அசைவின் ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது ஒவ்வொரு படத்திலும், அடிக்கிற இடத்துக்குச் சிவப்புப் பெட்டி, அடிவாங்குகிற இடத்துக்கு நீலப் பெட்டி என்று கையால் போட வேண்டும். ஒரு குத்துக்கே பொழுது போய்விடும். மூகன் மாதிரியே இயங்கும் இன்னொரு இன்ஜினான ஐகெமன் கோ எடுத்தாலும் இந்த வேலை குறையாது. ஆனால் மூகன் கேரக்டர்கள் பெரும்பாலும் அதிலேயே ஓடும், ஆன்லைனில் மோதலாம், அப்புறம் சோர்ஸ் கோடே திறந்து கிடக்கிறது. மூகனில் இன்ஜினே மக்கர் பண்ணினால் நம்மால் உள்ளே கைவைக்க முடியாது. பழைய டுடோரியல்கள் மூகனுக்குத்தான் அதிகம், சரி, அவற்றைப் படித்துவிட்டு ஐகெமனில் செய்யுங்கள்.