ஆமை இனம் பார்த்துச் சொல்லும் கோவைக் கடை: எதில் நம்பலாம், எதில் கூடாது

கோவையிலுள்ள இந்தச் செல்லப்பிராணிக் கடைக்கு நில ஆமையைக் கொண்டுபோனால் இனமும் பூர்வீகமும் சொல்கிறார்கள். இனம் பார்ப்பதில் கைதேர்ந்தவர்கள்தான். ஈரத்துணியால் மண்ணைத் துடைத்துவிட்டு, கழுத்துக்கு நேர் மேலே ஓட்டு விளிம்பில் சின்னத் தகடு இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். சல்கேட்டா என்ற ஆப்பிரிக்க நில ஆமைக்கு அது கிடையாது. பின்தொடையில் கூம்பு கூம்பாக முட்கள் இருக்கும். தொடைக்கு ஒரு முள் என்றால் கிரேக்க ஆமை. முள்ளே இல்லாமல் வால் நுனியில் கொம்பு போன்ற நகம் இருந்தால் ஹெர்மன் என்ற ஐரோப்பிய ஆமை.

சறுக்குவது உள்ளினத்தில், அதாவது ஓர் இனத்துக்குள் இருக்கும் பிரிவில். ஹெர்மனில் மேற்கு, கிழக்கு என இரண்டு உண்டு. வயிற்றுப்பக்க ஓட்டின் நடுக்கோட்டில் மார்புத் தகடுகள் சேரும் நீளத்தையும் தொடைத் தகடுகள் சேரும் நீளத்தையும் வெர்னியர் அளவுகோல் வைத்து அளக்க வேண்டும். தொடைப்பக்கம் நீளமென்றால் பெரும்பாலும் மேற்கு, மார்புப்பக்கம் நீளமென்றால் கிழக்கு. இங்கே அளக்காமல், கறுப்புப் பட்டையை மட்டும் பார்த்து "இத்தாலி உருப்படிங்க", அதாவது மேற்கு, என்கிறார்கள். இரண்டும் கலந்து பிறந்த குஞ்சில் இது தப்பும். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. சோதனைகூடத் தாய்வழியை மட்டுமே காட்டும். சல்கேட்டாவுக்கு உள்ளினமே இல்லை; பூர்வீகத்துக்கான ஆவணம் காட்டாமல் 'சூடான் வகை' என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

நட்சத்திர ஆமையை இவர்கள் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். அதற்காகவே இந்தக் கடையை மதிக்கலாம். நட்சத்திர ஆமை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, 2019 முதல் சைட்டிஸ் என்ற பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் முதல் இணைப்பிலும். சல்கேட்டா, ஹெர்மன் போன்றவற்றுக்குப் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு கட்டாயம். ரசீதோடு அந்தப் பதிவுத் தாளையும் கேட்டு வாங்குங்கள்.