கேபினட் வேலையை யார் பார்ப்பது? ஆம்ப் மாடலரைச் செருக நான்கு வழிகள்

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி ஒன்றுக்கான ஒத்திகை. முதல் கார்டை அடித்ததுமே மிக்ஸரில் இருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, தேனீக்கூட்டைக் கலைச்ச மாதிரி இரையுதே, ஒயர் ஏதும் போயிருச்சா?" ஒயர் நன்றாகத்தான் இருந்தது. முந்தின வாரம் ஒத்திகை அறையில் என் லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்பை (ஆம்ப், கேபினட், எஃபெக்ட்ஸ் சத்தங்களைப் போலச் செய்து தரும் ஆம்ப் மாடலர்) ஒரு ஆம்பின் பின்னால் இருக்கும் ரிட்டர்ன் துளையில் செருகி வாசித்திருந்தேன். அதற்காகக் கேபினட் பிளாக்கை (ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தைத் தரும் பகுதியை) அணைத்தவன், அப்படியே சேமித்துவிட்டேன். ஒத்திகை அறையில் அருமையாக இருந்த அதே டோன், மிக்ஸரில் காதைக் கிழித்தது. கேபினட் பிளாக்கைப் போட்டேன். இரைச்சல் போய்விட்டது.

மாடலர் வாங்கியவர்கள் "டிஜிட்டல் சத்தமா இருக்கு", "உயிரே இல்லை" என்று சொல்லும்போது, பத்தில் எட்டுத் தடவை கோளாறு பெட்டியில் இல்லை என்பதே என் அனுபவம். பெட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. அதனால் எந்த மாடலர் சிறந்தது என்ற ஒப்பீட்டை விட்டுவிட்டு, ஒரே மாடலரைச் செருகும் நான்கு வழிகளை ஒப்பிடப் போகிறேன். உதாரணத்துக்கு என்னிடம் இருக்கும் எச்எக்ஸ் ஸ்டாம்ப். 2018-இல் வந்த சின்னப் பெட்டி.

முதலில் ஸ்பீக்கர் விஷயம். கிட்டார் ஸ்பீக்கர் வீட்டு ஸ்பீக்கர் மாதிரி எல்லாச் சத்தத்தையும் தருவதில்லை. செலஸ்டியன் வின்டேஜ் 30-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: நிறுவனம் சொல்லும் வீச்சே 70-லிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேல் சத்தம் சட்டென்று விழுந்துவிடும். டிஸ்டார்ஷனில் பிறக்கும் கரகரப்பின் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. அதை வடிகட்டுவது ஸ்பீக்கர். மாடலரில் கேபினட் பிளாக்கோ ஐஆரோ (நிஜக் கேபினட்டின் சத்தத்தை அளந்து பதிந்த கோப்பு) செய்வதும் அதே வேலை, கூடவே மைக் வைத்த சத்தத்தையும் சேர்த்துத் தருகிறது. இந்த வடிகட்டல் ஒரே ஒரு முறை நடக்க வேண்டும். நடக்காவிட்டால் தேனீக்கூடு. இரண்டு முறை நடந்தால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல ஒரு மந்தம்.

ஆம்பின் முன் இன்புட்

எல்லோரும் முதலில் செய்வது இது. பெடல் என்றால் அங்கேதானே செருகுவோம். ஆனால் மாடலருக்குள் ஏற்கெனவே ஒரு ஆம்ப் ஓடுகிறது. அதை இன்னொரு ஆம்பின் ப்ரீஆம்புக்குள் (சத்தத்துக்கு நிறம் தரும் முன்பகுதி) தள்ளினால் இரண்டு டோன் ஸ்டாக் (பாஸ், டிரெபிள் குமிழ்களின் சுற்று), இரண்டு கெயின். சத்தம் தடித்துப்போய், எந்தக் குமிழைத் திருப்பினாலும் சரிவராது. கேபினட்டும் போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம்.

இந்த வழிக்கு ஒரே ஒரு நியாயமான பயன் உண்டு. ஆம்ப், கேபினட் பிளாக் இரண்டையும் எடுத்துவிட்டு, மாடலரை வெறும் எஃபெக்ட்ஸ் பெடலாக வைத்துக்கொள்வது. ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் போல எஃபெக்ட்ஸ் லூப்பே (ப்ரீஆம்புக்குப் பிறகு பெடல்களைச் செருகும் சென்ட், ரிட்டர்ன் துளைகள்) இல்லாத ஆம்ப் உங்களிடம் இருந்தால் வேறு வழியும் இல்லை. அப்போது குளோபல் செட்டிங்ஸில் அவுட்புட்டை 'லைன்' என்பதிலிருந்து 'இன்ஸ்ட்ருமென்ட்' (கிட்டார் அளவுக்கு மெல்லிய சிக்னல்) என்று மாற்றுங்கள். ஆம்பைக் கிளீனாக வையுங்கள். ஆம்பே டிஸ்டார்ஷன் தந்தால், மாடலரின் டிலேயும் ரிவெர்பும் (எதிரொலி எஃபெக்ட்ஸ்) அதற்குள் போய்க் கலங்கிவிடும்.

ஆம்பின் ரிட்டர்ன்

ஒத்திகைக்கு நான் விரும்புவது இதுதான். எஃப்எக்ஸ் ரிட்டர்ன் அல்லது 'பவர் ஆம்ப் இன்' என்று பின்னால் ஒரு துளை இருக்கும். அதில் செருகினால் ஆம்பின் ப்ரீஆம்ப் ஒதுங்கிக்கொள்ளும். சத்தத்தைப் பெரிதாக்கும் பவர் ஆம்பும் ஸ்பீக்கரும் மட்டும் வேலை செய்யும். ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ், மார்ஷல் டிஎஸ்எல்40, பாஸ் கட்டானா 50 எம்கே2 எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. 1975-இல் வந்து இன்றும் பல மேடைகளில் நிற்கும் ரோலண்ட் ஜேசி-120-இன் இப்போதைய மாடல்களிலும் உண்டு.

இங்கே கேபினட் பிளாக் அணைந்திருக்க வேண்டும், நிஜமான ஸ்பீக்கர் எதிரிலேயே இருக்கிறதே. சரி, ஆம்ப் பிளாக்கை என்ன செய்வது? எச்எக்ஸில் 'ஆம்ப்' என்றும் 'ப்ரீஆம்ப்' என்றும் தனித்தனியாக இருக்கின்றன. வால்வு பவர் ஆம்பாக இருந்தால் ப்ரீஆம்ப் மாடல் பெரும்பாலும் போதும், வால்வு தன் பங்கைத் தானே சேர்த்துக்கொள்ளும். டிரான்சிஸ்டர் ஆம்பாக இருந்தால் முழு ஆம்ப் மாடல் நன்றாக இருக்கும். இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டையும் ஒரே ரிஃப்பில் மாற்றி மாற்றிக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில ஆம்ப்களில் மாஸ்டர் வால்யூம் ரிட்டர்னுக்கு முன்னாலேயே இருக்கிறது. அப்படியென்றால் ரிட்டர்னில் செருகியதும் அந்தக் குமிழுக்கு எந்த வேலையும் கிடையாது, பவர் ஆம்ப் முழு பலத்தோடு திறந்து கிடக்கும். மாடலரின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு ஆம்பைப் போடுங்கள். அப்புறம் மெதுவாக ஏற்றுங்கள். இதைத் தெரியாமல் ஒரு சின்ன அறையில் நான் ஓப்பன் ஈ அடித்த நாளில், கூட வாசித்த டிரம்மர் தம்பி ஸ்டூலிலிருந்தே எழுந்துவிட்டான். அதே காரணத்தால் ஆம்பின் பாஸ், டிரெபிள் குமிழ்களும் பல ஆம்ப்களில் ரிட்டர்னில் எடுபடாது. ஆம்ப் பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். ரிட்டர்னில் அளவு மீறி உடைந்த சத்தம் வந்தால், இங்கேயும் அவுட்புட்டை 'இன்ஸ்ட்ருமென்ட்' ஆக்கிப் பாருங்கள்.

இந்த வழியில் மாடலரின் ஆம்பையும் நிஜ ஆம்பின் ப்ரீஆம்பையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த நான்கு கேபிள் முறை என்று ஒன்று உண்டு. கிட்டார் மாடலருக்கு, மாடலரின் சென்ட் ஆம்பின் முன் இன்புட்டுக்கு, ஆம்பின் சென்ட் மாடலரின் ரிட்டர்னுக்கு, மாடலரின் அவுட்புட் ஆம்பின் ரிட்டர்னுக்கு. செய்து பார்த்திருக்கிறேன். ஆசைக்கு ஒரு முறை செய்யலாம். கேபிள் பெருகப் பெருக ஹம்மும் (மின் ரீங்காரம்) பெருகும், மேடையில் ஒன்று கழன்றால் எது என்று தேட நேரம் இருக்காது.

நேராக மிக்ஸர், அல்லது எஃப்ஆர்எஃப்ஆர் ஸ்பீக்கர்

மேடைக்கு என் தேர்வு இது. எஃப்ஆர்எஃப்ஆர் என்பது வந்த சத்தத்தை வண்ணம் பூசாமல் முழு வீச்சில் தரும் ஸ்பீக்கர். ஹெட்ரஷ் எஃப்ஆர்எஃப்ஆர்-108, லைன் 6 பவர்கேப் எல்லாம் இந்த வகை. சபையிலோ மண்டபத்திலோ கூட்டத்துக்காக இருக்கும் ஒலிபெருக்கியான பிஏ சிஸ்டமும் இதே இனம்தான். இங்கே கேபினட் பிளாக் கட்டாயம் வேண்டும். ரிட்டர்ன் வழியில் அறையில் நிற்கும் ஆம்பின் சத்தம் கேட்கும். இங்கே கேட்பது மைக் வைத்துப் பிடித்த ஆம்பின் சத்தம். முதல் நாள் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும், ஆனால் கூட்டத்துக்குப் போய்ச் சேர்வது எப்போதுமே இந்தச் சத்தம்தான்.

நன்றாக இல்லையென்றால் ஆம்பை மாற்றாதீர்கள். கேபினட் பிளாக்கைத் திறந்து லோ கட்டை (அடிச் சத்தத்தை வெட்டுவது) 80-க்கும் 100 ஹெர்ட்ஸுக்கும் நடுவிலும், ஹை கட்டை (உச்சச் சத்தத்தை வெட்டுவது) 6000-க்கும் 8000-க்கும் நடுவிலும் வையுங்கள். அப்புறம் அந்த பிளாக்கில் இருக்கும் மைக்கை ஸ்பீக்கரின் நடுவிலிருந்து கொஞ்சம் ஓரத்துக்கு நகர்த்துங்கள். நடுவில் கூர்மை, ஓரத்தில் மென்மை. எச்எக்ஸின் 3.50 ஃபர்ம்வேரில் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) கேபினட் பகுதியையே புதிதாக எழுதினார்கள். அதற்கு முன்பிருந்த பதிப்பில் இன்னும் இருந்தால், முதல் வேலையாக அதைப் புதுப்பியுங்கள். புதுப்பிக்கும் முன் எச்எக்ஸ் எடிட் என்ற கணினி மென்பொருளில் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள், தவறாமல்.

மிக்ஸரில் இன்னொரு சிக்கல் அளவு. லைன் அளவில் அனுப்பும் சிக்னலை மைக் இன்புட்டில் நேராகச் செருகினால் உடையும். சிக்னலை மைக் அளவுக்குக் குறைத்துத் தரும் டிஐ பாக்ஸ் நடுவில் இருந்தால் அதுவும் தீரும், ஹம்முக்கும் அதில் கிரவுண்ட் லிஃப்ட் (சிக்னல் கேபிளின் கிரவுண்டைத் துண்டிக்கும்) சுவிட்ச் இருக்கும். ஒரே கேபிள் என்றால் இடதுபக்க மோனோ துளையில் மட்டும் செருகுங்கள். வலதில் செருகினால் ஸ்டீரியோ டிலேயில் பாதி காணாமல் போகும். மிக்ஸர்காரரிடம் ஒரு வார்த்தை: "அண்ணே, இந்தச் சேனல்ல ஈக்யூ, கம்ப்ரஸர் எதுவும் போடாம ஃபிளாட்டா வைங்க." முந்தின நாள் பாடகருக்கு வைத்த ஈக்யூ (பாஸ், டிரெபிள் அமைப்பு) அப்படியே கிடப்பது சகஜம்.

ஹெட்போன்

வீட்டில் டோன் தேட அருமை, அதை அப்படியே மேடைக்கு நம்புவது ஆபத்து. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது பாஸையும் உச்ச டிரெபிளையும் குறைத்துக் கேட்கிறது. 1933-இல் பெல் லேப்ஸில் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியது இதைத்தான். இரவு பதினொரு மணிக்கு மெல்லிய சத்தத்தில் பாஸை ஏற்றி வைப்போம். மேடையில் அது குமுகுமுவென்று முழங்கி, பாஸ் கிட்டாரை மூழ்கடிக்கும். டோனை ஹெட்போனில் தொடங்குங்கள், மேடைச் சத்தத்தில் முடியுங்கள். கணினியில் யுஎஸ்பி வழியாக ரெக்கார்ட் செய்யும்போது சத்தம் குழாய்க்குள்ளிருந்து வருவது போலிருந்தால், மாடலரிலிருந்தும் மென்பொருளிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைத்தால் போதும்.

ரிட்டர்னும் மிக்ஸரும் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால்?

பின்னால் ஆம்ப், முன்னால் பிஏ. ஒன்றுக்குக் கேபினட் வேண்டாம், மற்றொன்றுக்கு வேண்டும். இந்த இடத்தில்தான் கருவிகளுக்குள் வித்தியாசம் தெரிகிறது. கெம்பர் என்ற மாடலரில் மானிட்டர் அவுட்புட்டுக்கு மட்டும் கேபினட்டை அணைக்கத் தனி வசதி இருக்கிறது. ஒரு முறை போட்டால் எல்லா ரிக்குக்கும் (சேமித்த டோனுக்கும்) செல்லும். இந்த விஷயத்தில் கெம்பருக்கே என் ஓட்டு. நியூரல் டிஎஸ்பி குவாட் கார்ட்டெக்ஸில் பாதையைத் திரையில் விரலால் பிரித்து வேறு அவுட்புட்டுக்கு அனுப்பிவிடலாம். எச்எக்ஸ் ஸ்டாம்பில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்: கேபினட் பிளாக்குக்குச் சற்று முன்னால் ஒரு 'சென்ட்' பிளாக்கைப் போடுங்கள். சென்ட் துளையிலிருந்து ஆம்பின் ரிட்டர்னுக்கு ஒரு கேபிள், மெயின் அவுட்புட்டிலிருந்து மிக்ஸருக்கு ஒரு கேபிள். எட்டு பிளாக்கில் ஒன்று இதற்குப் போய்விடும், டிலேயும் ரிவெர்பும் கேபினட்டுக்குப் பின்னால் இருந்தால் ஆம்பில் கேட்காது. அவற்றை முன்னால் நகர்த்திவிட்டால் சரியாகிவிடும்.

எந்த வழியாக இருந்தாலும் வரும் தொல்லைகள் இரண்டு. ஒன்று, பவர். ஸ்டாம்புக்கு 9 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். மற்ற பெடல்களோடு 500 மில்லிஆம்பியர் துளையில் செருகினால் சரிவராது. கூட வந்த அடாப்டரையே வைத்துக்கொள்ளுங்கள். மற்றது ஹம். கிட்டாரைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே திரும்புங்கள். திரும்பும்போது ஹம் கூடிக் குறைந்தால் அது சிங்கிள் காயில் பிக்கப் பிடிக்கும் இரைச்சல். மாறாமல் ஒரே மாதிரி இருந்தால் கிரவுண்ட் லூப்பாக (கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த் ஆவதால் வருவது) இருக்கலாம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், டிஐயில் கிரவுண்ட் லிஃப்டைத் தட்டுங்கள். எர்த் பின்னை மட்டும் பிடுங்காதீர்கள். ஹம் போவதற்காக மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கி வைத்திருக்கும் மேடைகளை நான் பார்த்திருக்கிறேன். கையில் இரும்புக் கம்பியும், உதட்டருகே மைக்கும், காலடியில் 230 வோல்ட்டும் இருக்கும் இடம் அது.

இப்போது என் ஸ்டாம்பில் ஒவ்வொரு டோனும் இரண்டு பிரதியாக இருக்கிறது. ஒன்றின் பெயரின் முன்னால் 'ரூம்', மற்றதன் முன்னால் 'மேடை'. கேபினட் பிளாக் தவிர இரண்டும் ஒன்றுதான்.