‘ஐ5’, ‘ரைசன் 5’ ஸ்டிக்கருக்கு உள்ளே: நடுத்தர விலை லேப்டாப் பிராசஸர்கள் ஓர் ஒப்பீடு

கடையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லேப்டாப். இரண்டிலும் ‘கோர் ஐ5’ ஸ்டிக்கர். ஒன்றுக்குள் 1335யு, இன்னொன்றுக்குள் 13420எச். கோர் (சிப்புக்குள் கணக்குப் போடும் அலகு) அமைப்பு, வாட், கிராஃபிக்ஸ் என்று எதை எடுத்தாலும் இவை வேறு வேறு சிப்கள். ஏஎம்டி பக்கம் குழப்பம் இன்னும் அதிகம். ரைசன் 5 7520யு, 7530யு, 7640எச்எஸ் மூன்றும் ‘7000 சீரிஸ்’ என்றே விற்கின்றன. உள்ளே இருப்பவை மூன்று தலைமுறைக் கோர்கள்.

அதனால் ‘இன்டெலா, ஏஎம்டியா’ என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். முழு மாடல் எண் என்ன, அந்தச் சிப்புக்கு லேப்டாப் தயாரிப்பாளர் தொடர்ந்து எத்தனை வாட் கொடுக்கிறார், ரேம் ஒரு சேனலில் (ரேமுக்கும் சிப்புக்கும் இடையிலான பாதை) ஓடுகிறதா இரண்டிலா என்ற மூன்றும் கையில் இருந்தால்தான் நியாயமாக ஒப்பிட முடியும்.

முதலில் எண்கள்:

| சிப் | கோர் / த்ரெட் | உச்ச வேகம் (கிகாஹெர்ட்ஸ்) | எல்3 கேஷ் | அடிப்படை வாட் | உள் கிராஃபிக்ஸ் |
|---|---|---|---|---|---|
| கோர் ஐ5-1335யு | 2 பி + 8 இ / 12 | 4.6 | 12 எம்பி | 15 | ஐரிஸ் எக்ஸ்இ, 80 ஈயூ |
| கோர் ஐ5-13420எச் | 4 பி + 4 இ / 12 | 4.6 | 12 எம்பி | 45 | யுஎச்டி, 48 ஈயூ |
| கோர் அல்ட்ரா 5 125எச் | 4 பி + 8 இ + 2 எல்பிஇ / 18 | 4.5 | 18 எம்பி | 28 | ஆர்க், 7 எக்ஸ்இ கோர் |
| ரைசன் 5 7530யு | 6 / 12 | 4.5 | 16 எம்பி | 15 | வேகா 7 |
| ரைசன் 5 7535எச்எஸ் | 6 / 12 | 4.55 | 16 எம்பி | 35 | ரேடியான் 660எம் |
| ரைசன் 5 8645எச்எஸ் | 6 / 12 | 5.0 | 16 எம்பி | 45 | ரேடியான் 760எம் |

பி-கோர் என்பது வேகத்துக்கான பெரிய கோர். இ-கோர் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சின்னக் கோர், எல்பிஇ அதைவிடவும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை. த்ரெட் என்பது கோர்கள் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைச் சரம். எல்3 கேஷ் சிப்புக்குள்ளேயே உள்ள வேகமான சிறு நினைவகம். ஈயூ, எக்ஸ்இ கோர் இரண்டும் இன்டெல் கிராஃபிக்ஸின் கணக்கு அலகுகள். ‘10 கோர்’ என்று விளம்பரத்தில் போடும் 1335யு-வில் பெரிய கோர்கள் இரண்டே இரண்டு. பட்டியலில் உள்ள ஒவ்வொரு ரைசனிலும் ஆறு கோர்களும் ஒரே வகை. கோர் எண்ணிக்கையை மட்டும் வைத்து 10 பெரிதா 6 பெரிதா என்று பார்ப்பது தப்புக் கணக்கு.

மாடல் எண்ணைப் படிப்பது

ஏஎம்டியின் 7000, 8000 வரிசை லேப்டாப் சிப்களில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். கோரின் தலைமுறையை அதுதான் சொல்லும். 7520யு-வில் அது 2, அதாவது ஸென் 2 (ஸென் என்பது ஏஎம்டி கோர் வடிவமைப்பின் பெயர்). 7530யு ஸென் 3. 7535எச்எஸ்ஸில் மூன்றாவது இலக்கம் 3, கடைசி இலக்கம் 5. இது ஸென் 3 பிளஸ். 7640, 8645 இரண்டும் ஸென் 4. முதல் இலக்கம் எந்த ஆண்டு வரிசை என்பதை மட்டுமே காட்டும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

7520யு-வைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பெயரில் ரைசன் 5 இருந்தாலும் இதில் 4 கோர், 8 த்ரெட், 4 எம்பி எல்3 கேஷ்தான். கிராஃபிக்ஸ் 610எம், அதில் இரண்டே கம்ப்யூட் யூனிட் (ஏஎம்டி கிராஃபிக்ஸின் கணக்கு அலகு). இது எல்பிடிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும் என்பதால் ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், பின்னால் கூட்ட வழியில்லை. பிரவுசிங், ஆன்லைன் வகுப்பு, வேர்ட் வேலைக்கு ஓடும். 7530யு-வோடு விலை நெருங்கி வந்தால் இதை எடுப்பதில் அர்த்தமே இல்லை. விற்பனைப் பக்கத்தில் ‘ரைசன் 5 7000 சீரிஸ்’ என்று மட்டும் போட்டு முழு எண்ணை மறைத்திருந்தால், முழு எண் தெரியும்வரை பணம் கட்டாதீர்கள்.

இன்டெலில் கடைசி எழுத்துதான் முக்கியம். யு என்றால் 15 வாட் வகுப்பு, எச் என்றால் பெரும்பாலும் 45 வாட் வகுப்பு. தலைமுறை மாற்றத்துக்கு இங்கே ரொம்ப மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை. 1235யு, 1335யு, கோர் 5 120யு மூன்றிலும் அதே 2 பி + 8 இ அமைப்பு, அதே 12 எம்பி கேஷ். உச்ச வேகம் மட்டும் 4.4, 4.6, 5.0 என்று ஏறியிருக்கிறது. பழைய ஸ்டாக் 1235யு நல்ல தள்ளுபடியில் கிடைத்து, ரேம் 16 ஜிபி இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். 13420எச்சுக்கும் பின்னால் வந்த கோர் 5 210எச்சுக்கும் இதே உறவுதான். 4 பி + 4 இ மாறவில்லை, வேகம் 4.8 ஆனது.

13, 14-ஆம் தலைமுறை இன்டெல் சிப்கள் பழுதாகின்றன என்ற செய்தியைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். அது டெஸ்க்டாப் சிப்களில் மின்னழுத்தம் தொடர்பாக வந்த சிக்கல். லேப்டாப் சிப்களில் அதே சிக்கல் இல்லை என்று இன்டெல் 2024-இல் அறிவித்தது.

வாட் கணக்கு

ஒரே சிப் ஒரு லேப்டாப்பில் பறப்பதற்கும் இன்னொன்றில் முடங்குவதற்கும் காரணம் இதுதான். இன்டெல் சிப்புக்கு இரண்டு மின்வரம்புகள் உண்டு. சில நொடிகளுக்கு மட்டும் அனுமதிக்கும் உச்ச வரம்பு ஒன்று: 1335யு-வுக்கு 55 வாட், 13420எச்சுக்கு 95 வாட். அதன் பிறகு தொடர்ந்து ஓடும் வரம்பு இன்னொன்று. இரண்டையும் இறுதியாக முடிவு செய்வது லேப்டாப் தயாரிப்பாளர். மெல்லிய உடல், ஒரே ஃபேன், ஒரே ஹீட் பைப் என்றால் 1335யு ஒரு நிமிடத்துக்குள் 15 முதல் 20 வாட்டுக்கு இறங்கிவிடும்.

இதனால் வேலையின் நீளத்தைப் பொறுத்து வெற்றி மாறுகிறது. ஆப் திறப்பது, எக்செல் ஷீட் கணக்கிடுவது, கனமான இணையப் பக்கம் ஏற்றுவது, ஆட்டோகேடில் கோடு போடுவது எல்லாம் ஒரு கோரை நம்பிச் சில நொடிகளில் முடியும் வேலைகள். இதில் 1335யு, 7530யு-வைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவு வேகம். புராஜெக்ட் கம்பைல், வீடியோ எக்ஸ்போர்ட், பெரிய ஃபைலைச் சுருக்குவது போன்றவை பல நிமிடம் இழுப்பவை. 15, 20 வாட்டில் பத்துக் கோர்களையும் ஓட்டும்போது அந்த இரண்டு பி-கோர்களும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அங்கே 7530யு-வின் ஆறு சமமான கோர்கள் அதே வாட்டில் ஈடுகொடுக்கும், பல லேப்டாப்களில் முந்தவும் செய்யும்.

13420எச் எடுப்பவர்கள் அடாப்டரைப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத எச் லேப்டாப்புக்கு 65 வாட் அடாப்டராவது வேண்டும். 45 வாட் அடாப்டர் கொடுத்திருந்தால் சிப்புக்கு முழுச் சாப்பாடு கிடைக்காது. திரை, எஸ்எஸ்டி, பேட்டரி சார்ஜ் போக மிச்சம்தான் பிராசஸருக்கு. வெளியூர் போகும்போது ஃபோன் சார்ஜரை டைப்-சி-யில் சொருகிவிட்டு ‘லேப்டாப் ஸ்லோ’ என்று புலம்புவதற்கும் காரணம் இதே.

நம் ஊர் வெயிலும் கணக்கில் வரும். ஏசி அறையில் 23 டிகிரியில் எடுத்த டெஸ்ட் முடிவு, மே மாதம் 36 டிகிரியில் ஃபேன் காற்றில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அப்படியே பொருந்தாது. உள்ளே இழுக்கும் காற்று 13 டிகிரி கூடினால் சிப்பின் சூடும் கிட்டத்தட்ட அந்த அளவு கூடும். 13-ஆம் தலைமுறை இன்டெலுக்கு எல்லை 100 டிகிரி, 7530யு, 7535எச்எஸ் சிப்களுக்கு 95. எல்லையைத் தொட்டதும் சிப் தானே வாட்டைக் குறைத்துக்கொள்ளும். ஏசி இல்லாத அறையில் நீண்ட நேரம் கனமான வேலை என்றால் இரண்டு ஃபேன் உள்ள லேப்டாப்பையே தேடுங்கள்.

ரேமும் உள் கிராஃபிக்ஸும்

உள் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். டிடிஆர்4-3200 ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு சேனலில் 51.2 ஜிபி. டிடிஆர்5-4800 என்றால் 38.4, 76.8. ஒரே ஒரு 8 ஜிபி ஸ்டிக் போட்டு விற்கும் லேப்டாப்பில் கிராஃபிக்ஸின் பாதி உயிர் போய்விடுகிறது. கேம் மட்டுமல்ல, வெளி மானிட்டர் ஒன்றைச் சேர்த்தாலே அசைவு திக்கும்.

இன்டெலில் இதற்கு ஒரு எளிய அடையாளம் உண்டு. இரண்டு சேனல் இல்லாவிட்டால் 1335யு-வின் கிராஃபிக்ஸ் ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்று காட்டாது, ‘யுஎச்டி’ என்றுதான் காட்டும். அல்ட்ரா 5 125எச்சில் ‘ஆர்க்’ பெயர் வர இரண்டு சேனலோடு குறைந்தது 16 ஜிபி ரேமும் வேண்டும். இரண்டாவது ஸ்டிக்கைச் சொருகினால் பெயரும் மாறும், வேகமும் மாறும்.

போர்டில் 8 ஜிபி சால்டர் செய்து, ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்ட மாடல்கள் நிறைய. அதில் இன்னொரு 8 ஜிபி போடுவதே சுத்தமான வழி. 16 ஜிபி ஸ்டிக் போட்டால் மொத்தம் 24 ஜிபி ஆகும், ஆனால் முதல் 16 ஜிபி மட்டும் இரண்டு சேனலில் ஓடும், மீதி 8 ஒரே சேனலில். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும் எமுலேட்டரும் ஓட்டுபவருக்கு அந்தக் கூடுதல் இடம் உதவும். மற்றவர்களுக்கு 8 + 8 போதும்.

கிராஃபிக்ஸ் வலிமையில் வரிசை தெளிவானது. மேலே ஆர்க்கும் 760எம்மும், நடுவில் 660எம், அதையொட்டி ஐரிஸ் எக்ஸ்இ, பிறகு வேகா 7, கடைசியில் 13420எச்சின் யுஎச்டி. எச் என்ற எழுத்தைப் பார்த்து கேமுக்கு நல்லது என்று வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இது. 48 ஈயூ மட்டுமே உள்ள 13420எச், தனி கிராஃபிக்ஸ் கார்டோடு வந்தால்தான் கேமுக்குப் பொருத்தம். கார்டு இல்லாமல் வந்தால் கோடிங்குக்கு நல்லது, கேமுக்கு 1335யு-வைவிடப் பின்தங்கும்.

வீடியோவில் இரண்டு விஷயம். 7530யு-வின் வேகா கிராஃபிக்ஸுக்கு ஏவி1 என்ற சுருக்க வடிவில் உள்ள வீடியோவை வன்பொருளில் பிரிக்கத் தெரியாது. யூடியூப் அந்த வடிவில் அனுப்பினால் வேலை முழுவதும் கோர்களுக்கு வரும், பேட்டரி கரையும். இன்டெல் மூன்றும், 660எம், 760எம் ஆகியவையும் இதைச் செய்யும். அடுத்தது, கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களுக்கானது. கேமராவில் 4:2:2 10 பிட் எச்இவிசி-யில் பதிவு செய்தால், பிரீமியர் புரோவில் டைம்லைன் திக்காமல் ஓட இன்டெலின் குவிக் சிங்க் (உள் கிராஃபிக்ஸில் உள்ள வீடியோ பகுதி) வேண்டும். 11-ஆம் தலைமுறையிலிருந்து அது இதைக் கையாள்கிறது. பட்டியலில் உள்ள மூன்று ரைசன்களின் உள் கிராஃபிக்ஸும் இதைச் செய்யாது. இந்த ஒரு வேலைக்கு ரைசனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நேருக்கு நேர்

1335யு-வா 7530யு-வா: ஒரே விலையில் ரேம் எதில் அதிகமோ அதை எடுங்கள். 8 ஜிபி 1335யு-வைவிட 16 ஜிபி 7530யு நல்ல பொருள். ரேமும் சமம் என்றால் 1335யு. பிசிஐஇ 4.0-வும் (எஸ்எஸ்டி இணையும் பாதை) ஏவி1-உம் அதில் உண்டு. 7530யு பிசிஐஇ 3.0-வோடு நிற்பதால் எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 3,500 எம்பியைத் தாண்டாது. அதில் விலை அதிகமான பிசிஐஇ 4.0 எஸ்எஸ்டி வாங்கிப் போடுவது வீண்.

13420எச்சா 7535எச்எஸ்ஸா: தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் 13420எச்சின் ஒற்றைக் கோர் வேகம் கேமில் கைகொடுக்கும். கார்டு இல்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், 7535எச்எஸ்.

125எச்சா 8645எச்எஸ்ஸா: இரண்டும் நல்லவை, விலையும் ஒரு படி மேலே. எடிட்டிங், பல ஆப்களைத் திறந்து வைக்கும் வேலை என்றால் 125எச். ஒற்றைக் கோர் வேகம் முக்கியம் என்றால் 8645எச்எஸ். இரண்டில் எது ஏஐ லேப்டாப் என்ற பேச்சுக்குக் காசு கொடுக்க வேண்டாம். விண்டோஸின் கோபைலட் பிளஸ் வசதிகளுக்கு என்பியு (சிப்பில் ஏஐ வேலைக்கான பகுதி) 40 டாப்ஸ், அதாவது நொடிக்கு 40 லட்சம் கோடிக் கணக்கு, இருக்க வேண்டும். 125எச்சில் சுமார் 11, 8645எச்எஸ்ஸில் 16. அந்த எல்லையைத் தாண்டும் ரைசன் ஏஐ 5 340-இல் 50 டாப்ஸ் உண்டு, ஆனால் அதன் 840எம் கிராஃபிக்ஸில் 4 கம்ப்யூட் யூனிட்தான். 760எம்மில் 8.

ஸ்னாப்டிராகன் எக்ஸ் (குவால்காமின் ஆர்ம் வகைச் சிப்) லேப்டாப்களின் பேட்டரி நன்றாக நிற்கிறது. சாதாரண ஆப்கள் எமுலேஷனில் ஓடிவிடும், டிரைவர்கள் ஓடாது. பிரின்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள் அவற்றுக்கு ஆர்ம்64 டிரைவர் உண்டா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுக்கொண்டு வாங்குங்கள். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் அலுவலகத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

வாங்கிய அன்றே செய்ய வேண்டிய சோதனை

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் சிபியு பெயரை எழுத்துக்கு எழுத்து பில்லோடு ஒப்பிடுங்கள். அங்கேயே மெமரியில் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது, வேகம் எவ்வளவு என்று தெரியும். ஜிபியு பெயரையும் பாருங்கள்.

பிறகு அடாப்டரைச் சொருகி, பவர் மோடை ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்கி, வாட், சூடு காட்டும் ஆப்பான எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிராசஸர் சோதனை ஆப்பான சினிபெஞ்ச் ஆர்23-ஐ அதன் வழக்கமான 10 நிமிடத்துக்கு ஓட்டுங்கள். ‘சிபியு பேக்கேஜ் பவர்’ முதல் நிமிடத்தில் எவ்வளவு, எட்டாவது நிமிடத்தில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். யு சிப் எட்டாவது நிமிடத்தில் 20 வாட்டுக்கு மேல் நின்றால் நல்ல வடிவமைப்பு. 15-இல் நின்றால் சுமார். 13420எச் 35-க்குக் கீழே இறங்கினால் எச் சிப்புக்குக் கொடுத்த காசு வரவில்லை. அப்போது தயாரிப்பாளரின் கன்ட்ரோல் ஆப்பில் ‘சைலன்ட்’ மோடு இருக்கிறதா என்று பாருங்கள், பல லேப்டாப்கள் அந்த மோடிலேயே வருகின்றன. மாற்றி மறுபடி ஓட்டியும் ஏறாவிட்டால், திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் கடைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.